பொறுப்பான பிள்ளை: குழந்தைப் பருவமும் இயல்பும் பின்னிக்கொண்ட ஒரு மனச்சோர்வு (நிகழ்வு ஆய்வு)

இதில் வரும் பெண்மணி ஒரே ஆள் அல்ல. ஏறக்குறைய ஒரே மாதிரியான கதையோடு வந்த சிலரின் விவரங்களைக் கலந்து, அடையாளம் தெரியாதபடி மாற்றி எழுதியிருக்கிறேன். ஆய்வு முடிவுகளைச் சொல்லும் இடங்களில் மட்டும் எதையும் மாற்றவில்லை.

வந்த காரணம்

வயது 41. கணக்குத் தணிக்கையில் 17 ஆண்டு அனுபவம். கணவர், 8 வயதில் ஒரு மகன். தூக்கத்துக்கு மாத்திரை எழுதித் தந்தால் போதும் என்றுதான் வந்தார். நான்கு மாதமாக விடியற்காலை 3 மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, அதன்பின் கண் மூடுவதில்லை. எடை 6 கிலோ குறைந்திருந்தது. பொது மருத்துவர் ஏற்கெனவே ஹீமோகுளோபின், தைராய்டு, பி12 எல்லாம் பார்த்துவிட்டார். எதிலும் குறையில்லை.

"எனக்குச் சோகமெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர். வேலை ஓட மாட்டேங்குது, அவ்வளவுதான்."

எப்படி ஓடவில்லை என்று துருவினேன். ஒரு பக்கக் கணக்கை மூன்று முறை கூட்டுகிறார். மூன்று முறையும் ஒரே தொகைதான் வருகிறது, ஆனாலும் நம்பிக்கை வராமல் நான்காவது முறை கூட்டுகிறார். விடுமுறை நாளில் படுக்கையை விட்டு எழ மனமில்லை. மகன் பேசுவது காதில் விழுகிறது, உள்ளே போவதில்லை. பாட்டு கேட்பதை எப்போது விட்டார் என்று அவருக்கே தெரியவில்லை. எல்லாருக்கும் தான் ஒரு பாரம் என்ற எண்ணம் ஓயாமல் சுற்றுகிறது.

பிஎச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாளில் 27க்கு 19 வந்தது. 20ஐத் தொட்டால் கடுமையானது என்று கணக்கு. ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. அதில் 'சில நாட்கள்' என்ற கட்டத்தில் மெல்லிசாக ஒரு கோடு போட்டிருந்தார். அந்தக் கோட்டைப் பற்றித்தான் முதல் சந்திப்பில் அதிக நேரம் பேசினோம். காலையில் விழிப்பே வராமல் போனால் நன்றாக இருக்கும் என்று தோன்றுமாம். தானாக எதுவும் செய்யும் எண்ணமோ திட்டமோ இல்லை. அவர் சம்மதத்தோடு கணவரை உள்ளே அழைத்து, எந்த மாற்றம் தெரிந்தால் உடனே கூப்பிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

இது மூன்றாவது முறை. 24 வயதில், முதல் வேலையில் சேர்ந்த சில மாதங்களில் ஒரு முறை. மகன் பிறந்த பிறகு ஒரு முறை. இரண்டையும் யாரிடமும் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டியிருக்கிறார். அளவுக்கு மீறிய உற்சாகமும் தூக்கமே தேவைப்படாத நாட்களும் எப்போதாவது இருந்தனவா என்று கேட்டேன். இல்லை. மது இல்லை. உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவக் கோளாறைத் தவிர்த்துவிட்டு, மீண்டும் மீண்டும் வரும் மனச்சோர்வு நோய் என்று குறித்தேன்.

இங்கே ஒரு சின்ன இடைச்செருகல். நம்மில் பலர் 'மன அழுத்தம்' என்ற சொல்லை இரண்டுக்கும் பயன்படுத்துகிறோம்: வேலைச் சுமையால் வரும் நெருக்கடிக்கும், இந்த நோய்க்கும். இந்தப் பெண்மணி நான்கு மாதம் தாமதமாக வந்ததற்கு அந்தச் சொல்லும் ஒரு காரணம். "எல்லாருக்கும்தானே மன அழுத்தம் இருக்கு" என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார். ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து, அதிலும் சோர்ந்த மனநிலையோ எதிலும் நாட்டமின்மையோ கட்டாயம் சேர்ந்து, இரண்டு வாரம் பெரும்பாலான நேரம் நீடித்தால் அது நோய். அவரிடம் ஏழு இருந்தன.

"ஒரு குறையும் இல்லாத குழந்தைப் பருவம்"

குழந்தைப் பருவம் பற்றிய கேள்விக்கு வந்த பதில் இதுதான். அடி இல்லை, திட்டு இல்லை, யாரும் குடிக்கவில்லை, பெற்றோர் பிரியவில்லை. குழந்தைப் பருவத் துன்ப அனுபவங்களுக்கான 10 கேள்விப் பட்டியலைக் கொடுத்தேன். முதலில் பூஜ்யம். வீட்டில் யாருக்காவது மனநோய் இருந்ததா என்ற கேள்வியை வாய்விட்டு மறுபடி கேட்டபோது, "அம்மாவுக்கு உடம்பு சரியில்லாம இருந்துச்சு, அதச் சொல்லலாமா?" என்றார். ஒன்று.

அந்தப் பட்டியலின் வேர் 1998இல் வெளியான ஓர் ஆய்வு. வின்சென்ட் ஃபெலிட்டியும் ராபர்ட் ஆண்டாவும் அமெரிக்காவின் சான் டியேகோவில் ஒரு மருத்துவக் காப்பீட்டு அமைப்பின் உறுப்பினர்களிடம் நடத்தியது. இரண்டு கட்டங்களும் சேர்ந்து 17,000 பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள். நான்கும் அதற்கு மேலும் துன்ப வகைகளைச் சந்தித்தவர்களுக்கு, ஒன்றுமே சந்திக்காதவர்களைவிட, குடிநோய், போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து 4 முதல் 12 மடங்கு வரை அதிகம் என்று கண்டார்கள். பொதுச் சுகாதாரத்தையே திருப்பிப் போட்ட ஆய்வு. ஆனால் அந்த எண்ணை ஒரு தனி மனிதரின் மேல் ஒட்டி ஆபத்தைக் கணிக்கக் கூடாது என்று ஆண்டாவே 2020இல் சக ஆய்வாளர்களுடன் எழுதினார். நம் பெண்மணியின் மதிப்பெண் ஒன்று. அதை நம்பியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

மூன்றாவது சந்திப்பில் 28 கேள்விகள் கொண்ட குழந்தைப் பருவக் காயங்களுக்கான வேறொரு தாளைக் கொடுத்தேன். உணர்வுப் புறக்கணிப்புக்கான கேள்விகள் அதில் தலைகீழாகக் கேட்கப்பட்டிருக்கும். என்ன நடந்தது என்று கேட்காது, என்ன கிடைத்தது என்று கேட்கும்: அன்பு செலுத்தப்பட்டதாக உணர்ந்தீர்களா, குடும்பம் பக்கபலமாக இருந்ததா, இப்படி. அந்த ஐந்து கேள்விகளில்தான் அவருடைய பேனா நின்றது. 25க்கு 19 வந்தது, கடுமை என்ற வரம்புக்குள். அடி நினைவில் இருக்கும், வசை நினைவில் இருக்கும். கிடைக்காத ஒன்றை யார் நினைவில் வைத்திருப்பார்கள்?

அப்புறம் துண்டு துண்டாக வந்தது. அவருக்கு 8 வயதாக இருக்கும்போது அம்மாவுக்கு மூன்றாவது குழந்தை இறந்து பிறந்தது. அதன்பின் ஏறக்குறைய மூன்று வருடம் அம்மா சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தார். சிகிச்சை இல்லை, அது ஒரு நோய் என்று யாரும் பெயரும் வைக்கவில்லை. அப்பா கெட்டவர் அல்லர், பேசாதவர். காலையில் கிளம்பும்போது மகளின் தலையில் கை வைத்து, "நீ இருக்க, எனக்குக் கவலையில்ல" என்பார். தம்பிக்கு அப்போது 4 வயது. அவனைக் குளிப்பாட்டி, உடுத்தி, பள்ளியில் விட்டுவிட்டுத் தன் வகுப்புக்கு ஓடுவார். உறவினர் எல்லாரும் பொறுப்பான பிள்ளை என்றார்கள். அந்தப் பட்டம் அவருக்கு இன்றுவரை பிடிக்கும்.

ஓவியப் போட்டியில் ஒரு முறை பரிசு வாங்கியிருக்கிறார். சான்றிதழை அம்மாவின் கட்டிலில், கால்மாட்டில் வைத்தார். மறுநாள் காலை அது வைத்த இடத்திலேயே, வைத்த வாக்கிலேயே இருந்தது. எடுத்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

தம்பியின் வாக்குமூலம்

மனச்சோர்வில் இருப்பவருக்குப் பழையது எல்லாம் கறுப்பாகத் தெரியும் என்பது நியாயமான ஐயம். பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்து 2019இல் வெளியான பால்ட்வின் குழுவினரின் தொகுப்பாய்வு இதைக் கூர்மையாகக் காட்டியது: குழந்தையாக இருந்தபோதே பதிவான துன்பத்துக்கும், வளர்ந்த பிறகு அவர்களே நினைவுகூர்ந்த துன்பத்துக்கும் பொருத்தம் மிகக் குறைவு. பதிவானவர்களில் பாதிக்கு மேல் பின்னாளில் அதைச் சொல்லவில்லை. பின்னாளில் சொன்னவர்களில் பாதிக்கு மேல் பதிவுகளில் இல்லை. மறு ஆண்டு டானீஸ், விடம் என்ற இரு ஆய்வாளர்கள், குழந்தைக்கு நேர்ந்த கொடுமை பற்றிய நீதிமன்றப் பதிவைவிட அந்த அனுபவத்தை மனிதர் எப்படி உள்வாங்கியிருக்கிறார் என்பதே பிற்கால மனநோயோடு நெருக்கமாக இணைந்திருக்கிறது என்று காட்டினார்கள். எனவே அவர் சொன்னதை நம்பினேன், சரிபார்க்கவும் செய்தேன். அனுமதி கேட்டுத் தம்பியோடு பேசினேன்.

தம்பிக்கு மனநோய் எதுவும் கிடையாது. கலகலப்பான ஆள். அந்த மூன்று வருடத்தைப் பற்றிக் கேட்டால் விளையாட்டும் கும்மாளமும்தான் அவருக்கு ஞாபகம். அம்மா படுத்திருந்தது தெரியும், ஆனால் அது ஒரு குறையாகவே தோன்றவில்லை.

"ஏன் சார், அக்கா இருந்தாளே."

ஒரே வீடு, ஒரே அம்மா, ஒரே மூன்று வருடம். தம்பிக்கும் அம்மாவுக்கும் நடுவில் ஒரு அக்கா இருந்தாள், அக்காவுக்கு யாரும் இல்லை. உடன்பிறந்தவர்களை ஒப்பிட்டு, அவன் தாங்கினானே நீ ஏன் தாங்கவில்லை என்று கேட்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. பிறவி இயல்பில் அவர்கள் வேறு வேறு என்பதும் உண்மைதான். அம்மா சொன்னபடி, மகள் கைக்குழந்தையாக இருந்தபோதே சின்னச் சத்தத்துக்கும் வீறிட்டு அழுவாள், மகன் எங்கே போட்டாலும் தூங்குவான்.

இயல்பை அளந்தது, தவறாக அளந்தது

ஆளுமையின் ஐந்து அடிப்படை இயல்புகளை அளக்கும் ஐங்காரணித் தேர்வை இரண்டாவது வாரமே கொடுத்தது என் அவசரம். எளிதில் கலங்கும் இயல்பு, அதாவது நியூரோட்டிசிசம், 100 பேரில் 97 பேரைவிட அதிகம் என்று வந்தது. பிறரோடு கலக்கும் தன்மை 12 பேரைவிட மட்டுமே அதிகம். பொறுப்புணர்வு 95 பேரைவிட அதிகம். இதை வைத்துக்கொண்டு 'கலங்கும் ஆளுமை, ஒதுங்கும் ஆளுமை' என்று கோப்பில் எழுதியிருந்தால், நோயை ஆளுமையாகப் பதிவு செய்த பிழை அதில் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கும். சோர்வின் அடியில் கிடப்பவரிடம் 'நீங்கள் பொதுவாகக் கவலைப்படுபவரா' என்று கேட்டால் வேறு என்ன பதில் வரும்?

ஐந்தாம் மாதம், மனம் தெளிந்த பிறகு, மறுபடி அளந்தேன். கலங்கும் இயல்பு 84க்கு இறங்கியிருந்தது. கலக்கும் தன்மை 41க்கு ஏறியிருந்தது. பொறுப்புணர்வு 96, அசையவே இல்லை. ஆக, ஒதுக்கம் என்று நான் நினைத்ததில் பெரும்பகுதி நோய்தான். கலக்கம் இறங்கினாலும் சராசரிக்கு மேலேயே தங்கிவிட்டது. அந்த மிச்சம்தான் இயல்பு.

அந்த மிச்சம் எங்கிருந்து வந்தது என்பதில் நிதானம் தேவை. இரட்டையர் ஆய்வுகளின்படி இந்த இயல்பின் வேறுபாட்டில் ஏறக்குறைய 40 விழுக்காடு மரபணுவைச் சேர்ந்தது. மனச்சோர்வு நோய்க்கும் 2000இல் சல்லிவன் குழுவினர் தொகுத்துச் சொன்ன அளவு 37 விழுக்காடு. அம்மா அவருக்குத் தனிமையான மூன்று வருடத்தையும் தந்தார், மரபணுவையும் தந்தார். ஒரு தனி நோயாளியிடம் இரண்டையும் பிரித்துத் தராசில் வைக்க வழியே இல்லை. 'எல்லாம் வளர்ப்பின் கோளாறு' என்று பெற்றோரைக் கூண்டில் ஏற்றுவதில் எனக்கு உடன்பாடு இல்லாததற்கு இதுவும் காரணம். மூளை வேதிப்பொருளான செரோட்டோனின் தொடர்பான ஒரு குறிப்பிட்ட மரபணு வடிவம் இருந்தால் துன்பம் சோர்வாக மாறும் வாய்ப்பு கூடுகிறது என்று 2003இல் வந்த புகழ்பெற்ற முடிவும், பின்னர் 2019இல் மிகப் பெரிய தரவுகளில் சோதித்தபோது நிற்கவில்லை. ஒற்றை மரபணுக் கதைகளை மறந்துவிடலாம்.

கென்னத் கென்ட்லரின் குழு வர்ஜீனியாவில் இரட்டையர்களிடம் 2004இல் கண்டது இந்த நிகழ்வுக்கு நெருக்கமானது. வாழ்க்கை அடிக்கும் அடி ஒன்றாக இருந்தாலும், கலங்கும் இயல்பு அதிகம் உள்ளவரிடம் அது மனச்சோர்வாக மாறும் வாய்ப்பு கூடுதல். இயல்பு அடியைப் பெருக்குகிறது.

முடிச்சு எங்கே விழுந்தது

குழந்தைப் பருவத் துன்பம் ஒரு பாரம், கலங்கும் இயல்பு இன்னொரு பாரம், இரண்டும் கூடிச் சுமை அதிகமாகிவிட்டது என்று கூட்டல் கணக்குப் போட்டால் இவரைப் புரிந்துகொள்ள முடியாது. இவருடைய இயல்பு, வீட்டில் நடந்ததை இன்றுவரை தூக்கிக்கொண்டு வந்திருக்கிறது. எட்டு வயதில் அவர் கண்டுபிடித்த வழி எளியது: பிழை செய்யாதே, எதையும் கேட்காதே, அடுத்தவருக்கு என்ன வேண்டும் என்று முன்கூட்டியே பார். அந்த வீட்டில் அது வேலை செய்தது. தம்பி நன்றாக வளர்ந்தான். அலுவலகத்திலும் வேலை செய்தது. பதவி உயர்வு வாங்கித் தந்ததே அந்தப் பழக்கம்தான்.

ஆறு மாதம் முன் குழுத் தலைவர் ஆனார். கீழே இரண்டு இளையவர்கள். அவர்கள் முடித்துக் கொடுத்த வேலையை வீட்டுக்குக் கொண்டுபோய் இரவு 11 மணிக்கு மேல் மறுபடி முதலிலிருந்து செய்தார். அவர்களிடம் சொல்லவில்லை, மனம் நோகும் என்று. மேலதிகாரியிடமும் சொல்லவில்லை, கேட்டால் பலவீனம் என்று. கணவர் உதவட்டுமா என்று கேட்டால் "இதோ முடிஞ்சிடும்" என்பார். மனச்சோர்வுக்கு ஆளாகுபவர்கள் வெளியிலிருந்து வரும் துன்பத்தைத் தாங்குவதோடு நிற்பதில்லை, தங்கள் நடத்தையால் புதிய நெருக்கடிகளை உண்டாக்கவும் செய்கிறார்கள் என்று 1991இல் கான்ஸ்டன்ஸ் ஹாமன் எழுதினார். குற்றம் சாட்டுவது போல ஒலிக்கும் கருத்து. ஆனால் சிகிச்சைக்கு இதைவிடப் பயனுள்ள கருத்து குறைவு, ஏனென்றால் கடந்த காலத்தை மாற்ற முடியாது, இரவு 11 மணி வேலையை மாற்றலாம்.

இத்தனை சுமையோடும் இரண்டு மாதம் ஓட்டிவிட்டார். தூக்கம் கெட்டது எந்த நாளிலிருந்து என்று நாள்காட்டியை வைத்துக்கொண்டு தேடினோம். ஒரு சனிக்கிழமை. தலைவலியோடு சோபாவில் சாய்ந்திருந்தவரிடம் மகன் வந்து, "அம்மா, நீ படுத்துக்கோ. நான் எல்லாம் பாத்துக்கறேன்" என்று போர்வையை இழுத்து மூடிவிட்டிருக்கிறான். எந்தத் தாய்க்கும் நெகிழ்ச்சி தரக்கூடிய பேச்சு. இவருக்கு நெஞ்சு படபடத்து, கை சில்லிட்டுப்போய், எழுந்து போய்க் குளியலறையில் உட்கார்ந்துவிட்டார். மகனுக்கு எட்டு வயது ஆகி மூன்று வாரம் ஆகியிருந்தது. அந்த இரண்டையும் அவர் சேர்த்துப் பார்த்ததில்லை. நான் சேர்த்துக் காட்டவும் இல்லை, நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது அவரே நிறுத்திக்கொண்டார்.

உடலுக்கும் இதில் பங்கு உண்டு. சிறுவயதில் வன்முறைக்கு ஆளான பெண்களிடம், சாதாரண மேடைப் பேச்சு நெருக்கடிக்கே அழுத்த இயக்குநீர்கள் (ஹார்மோன்கள்) அளவுமீறி எழுவதை 2000இல் கிறிஸ்டீன் ஹைம் குழு காட்டியது. நம் பெண்மணிக்கு நடந்தது வன்முறை அல்ல. அதனால் இதை இவருக்கு அப்படியே பொருத்த மாட்டேன்.

சிகிச்சை

செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மருந்தை 50 மில்லிகிராமில் தொடங்கி, ஐந்தாவது வாரம் 100க்கு உயர்த்தினேன். கூடவே வாரம் ஒரு முறை சிந்தனை, நடத்தைச் சிகிச்சை: எண்ணங்களையும் பழக்கங்களையும் ஆராய்ந்து மாற்றும் பேச்சுச் சிகிச்சை இது, வீட்டில் நிரப்பி வரத் தாள்களும் உண்டு. இவரைப் போன்றவர்களுக்கு மருந்தா பேச்சா என்ற விவாதம் பழையது. 2003இல் நெமரோஃப் குழு, நாள்பட்ட மனச்சோர்வில் சிறுவயதுக் காயம் உள்ளவர்களுக்குப் பேச்சுச் சிகிச்சை மருந்தைவிட நன்றாக வேலை செய்தது என்றது. 2012இல் நன்னி குழுவின் தொகுப்பாய்வு, சிறுவயதுத் துன்பம் உள்ளவர்களுக்கு நோய் திரும்பி வரவும் நீடிக்கவும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு என்றும், சிகிச்சைக்குப் பலன் குறைவு என்றும் சொன்னது. 2022இல் 29 ஆய்வுகளையும் 6,830 பேரையும் சேர்த்துப் பார்த்த குஸ்மின்ஸ்கைட்டேயின் குழு அந்த இருட்டைக் கொஞ்சம் விலக்கியது: காயம் உள்ளவர்கள் தொடங்கும்போதே கூடுதல் சோர்வோடு வருகிறார்கள், ஆனால் சிகிச்சையில் அவர்கள் பெறும் முன்னேற்றம் மற்றவர்கள் பெறுவதற்குச் சமம். 'சின்ன வயதிலேயே உடைந்துவிட்டது, இனி ஒட்டாது' என்று நினைத்து வருபவர்களிடம் இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

ஆறாவது வாரம் பிஎச்க்யூ-9 மதிப்பெண் 8. எனக்கு மகிழ்ச்சி. வீட்டுப்பாடத் தாள்கள் அச்சடித்தது போல, ஒரு கட்டம் விடாமல் நிரம்பியிருந்தன. கணவர் அன்று கூட வந்திருந்தார். எதேச்சையாகக் கேட்டேன். "இன்னும் மூணு மணிக்கு முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கா டாக்டர். எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கறா."

அவர் என்னையும் கவனித்துக்கொண்டிருந்தார். டாக்டருக்கு என்ன வேண்டும் என்று முன்கூட்டியே பார்த்து, குணமாகிவரும் நோயாளியைத் தந்துகொண்டிருந்தார். கட்டிலின் கால்மாட்டில் வைத்த அதே சான்றிதழ்தான் என் மேசைக்கு வந்திருந்தது, நானும் அதைச் சரியாகப் பார்க்கவில்லை. அன்று மறுபடி நிரப்பச் சொன்னதில் 14 வந்தது. சிகிச்சையின் உண்மையான தொடக்கம் அந்த நாள் என்று நினைக்கிறேன்.

அதன்பின் வீட்டுப்பாடம் மாறியது. வாரம் ஒரு உதவியை ஒருவரிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டும். இளையவர்களின் கோப்பில் ஒன்றைத் திறக்காமலே அனுப்ப வேண்டும். தாளில் வேண்டுமென்றே இரண்டு கட்டம் காலியாக விட வேண்டும். கடைசியானதுதான் அவருக்கு மிகக் கடினமாக இருந்தது. திறக்காமல் அனுப்பிய முதல் கோப்பில் பிழை இருந்தது. இளையவரே கண்டுபிடித்துத் திருத்தினார். அலுவலகம் இடிந்து விழவில்லை. நடந்ததை இரவில் அசைபோடும் பழக்கத்துக்கு மாலையில் 20 நிமிடம் ஒதுக்கி, மற்ற நேரத்தில் வந்தால் அந்த நேரத்துக்குத் தள்ளிப்போடப் பழகினார். கலங்கும் இயல்பு மாறாது என்பது பழைய நம்பிக்கை. 2017இல் 207 ஆய்வுகளைத் தொகுத்த ராபர்ட்ஸ் குழு, சராசரியாக 24 வாரச் சிகிச்சையிலேயே இயல்புகள் அளவிடத்தக்க அளவு மாறுவதையும், அவற்றுள் அதிகம் மாறுவது மனநிலை உறுதிதான், அதாவது கலங்கும் இயல்பின் மறுபக்கம்தான், என்பதையும் காட்டியது.

பிந்தைய நிலை

ஐந்தாம் மாதம் மதிப்பெண் 6. எட்டாம் மாதம், ஆண்டுக் கணக்கு முடிக்கும் காலத்தில், 12க்கு ஏறியது. அப்போது முன்பதிவு இல்லாத ஒரு நாளில் அவரே தொலைபேசியில் கூப்பிட்டார். 24 வயதிலும் பிரசவத்துக்குப் பின்னும் செய்யாத ஒன்று. மருந்தளவை மாற்றவில்லை, இரண்டு சந்திப்புகளைக் கூட்டினோம், ஐந்து வாரத்தில் இறங்கியது. பத்தாம் மாதம் ஒரு நாள் வெறுங்கையோடு வந்தார். "இந்த வாரம் எழுதல டாக்டர். நேரம் இல்லாம இல்ல, தோணல." கோப்பில் முன்னேற்றம் என்று எழுதிவைத்தேன்.

அம்மாவிடம் பேசச் சொல்லி நான் கேட்கவில்லை. சிலருக்கு அது புண்ணைக் கிளறுவதாக முடியும். அவரே பதின்மூன்றாம் மாதம் போய்ப் பேசிவிட்டு வந்தார். அந்த மூன்று வருடம் என்ன நினைத்துக்கொண்டிருந்தாய் என்று கேட்டாராம். அம்மா வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ உன்னப் பாத்த ஞாபகமே எனக்கு இல்லடி" என்றிருக்கிறார்.

இதை அழாமல் சொன்னார். அம்மா பார்க்க மறுத்ததாகத்தான் இத்தனை நாள் நினைத்திருந்தாராம். சான்றிதழ் இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். எங்கே போனது என்று தெரியவில்லை என்றார்.

பதினான்காம் மாதம் மதிப்பெண் 4. மூன்றாவது முறை வந்த நோய் என்பதால் செர்ட்ராலின் குணமான பிறகும் குறைந்தது இரண்டு ஆண்டு தொடரும். சந்திப்புகள் இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு முறை.